மன்மதனைச் சோதித்தவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆம்பளைகள் ஐந்து பேர் சேர்ந்து கோயில் சாமான் அறைக்குள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, இடுப்புச் சாரத்தை அவிழ்க்கச் சொல்லி, போன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் என் அப்பா. பார்க்கப்பட்டவன் நான் கட்டிக்கொள்ள இருந்தவன். இது வெளியே சொல்லக்கூடிய கதை இல்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். சொல்லாவிட்டால் இவர்கள் இதைச் சாமி காரியம் என்றே பேசித் திரிவார்கள்.

என் பெயர் தனுஜா. பொகவந்தலாவை டவுனில் பைஸர் நாநாவின் துணிக்கடையில் வேலை செய்கிறேன். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று மூட்டில் தொடங்கி நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். எங்கள் தோட்டத்தில் ஏற்றத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? கிளினிக்கில் பெரிய டொக்டர் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்தே சொன்னார். இந்தப் பிள்ளை கல்யாணம் முடிக்கலாம், ஆனால் பிள்ளை பெறப் போனால் உயிர் தங்காது என்று. அப்பா பவ்வியமாகத் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "டொக்டர்மாரு அப்படித்தான் பயங்காட்டுவாங்க" என்றார்.

சுதாகரன் என் அத்தை மகன். அப்பாவின் அக்கா பேச்சியம்மாவுக்கு ஒரே பையன். தேயிலை ஃபெக்டரியில் வேலை, வயது இருபத்து நாலு. எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்று வீட்டில் எப்போதோ பேசிவைத்துவிட்டார்கள். பேசிவைத்ததால் மட்டும் எனக்கு அவனைப் பிடித்துவிடவில்லை. டொக்டர் சொன்னதை டொக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவன்தான். அதற்காகப் பிடித்தது.

ஒரு நாள் கடை வாசலுக்கு வந்தான்.

"தனு, பிள்ள தங்காம இருக்க ஆம்பளைக்கும் ஒரு ஆபரேசன் இருக்கு. சின்ன வேலதானாம். அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாமாம். கல்யாணத்துக்கு முன்னுக்கே நான் அத செஞ்சிர்றேன்."

"பின்னுக்குச் செஞ்சா என்ன மச்சான்?"

"பின்னுக்குன்னா எங்கம்மா ஒன்ன உசிரோட விடாது."

தன் தாயைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு எனக்கு அப்போது தெரியவில்லை. கருத்தடை மாத்திரையும் ஊசியும் நான் குடிக்கிற மருந்தோடு ஒத்துவராது என்று கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். எனக்குக் கத்தி வைப்பதென்றால் மயக்க மருந்தை என் நெஞ்சு தாங்குமா என்பதே சந்தேகம். அப்படியானால் ஆம்பளைகள் போடுகிற உறை போதாதா என்று நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒரு தடவ பிசகினாலும் போறது ஒன் உசிரு. என் உசிரா இருந்தா அத நம்பியிருப்பேன்" என்றான்.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவிடம் போனான், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கேட்டு. அந்த மனிதர் சிரித்த சிரிப்பு வெளியே மருந்துக்கு நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம்.

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள நரம்ப வெட்டணுமா? எங்கடா போய் என்னடா வேல பாத்துட்டு வந்த?"

துண்டு கிடைக்கவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் சேதி ஃபெக்டரிக்கும், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கும், எல்லா லயத்துக்கும் போய்விட்டது. எங்கள் லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் நூறு வயசு என்பார்கள். இந்த மாதிரிச் சேதிக்குச் சுவரே கிடையாது. மறுநாள் கடைக்குச் சேலை எடுக்க வந்த எங்கள் தோட்டத்துப் பெண்கள் சேலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பைஸர் நாநாதான் கடைசியில், "துணி எடுக்க வந்தீங்கன்னா துணியப் பாருங்க" என்று அதட்டினார்.

துண்டு இல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன், டொக்டரின் பெயரும் வேண்டாம். காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே போனோம். நோய் விவரம் எழுதின என் கிளினிக் கொப்பியை நான் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"கல்யாணம் முடிச்சா?" என்றார் சுதாகரனைப் பார்த்து.

"இல்ல டொக்டர். முடிக்கத்தான் போறோம்."

"பிள்ளைகள்?"

"இல்ல. வேணாம்னுதான் வந்திருக்கோம்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நர்ஸை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் எனக்கு விளங்காது என்ற நினைப்பில் சுதாகரனிடம் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். கடையில் விடிந்தால் அடைந்தால் நான் சிங்களத்தில்தான் சேலை விற்கிறேன். ஒரு சொல் விடாமல் விளங்கியது.

"தம்பி, நீ சின்னப் பையன். இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ வேறொருத்தியைக் கட்டுவாய். அவள் பிள்ளை கேட்பாள். அப்போது என்னைத்தான் திட்டுவாய்."

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டுக்கொண்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, உயிரோடு உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் என்னை எடுத்து அடக்கம் செய்து, சுதாகரனுக்கு அடுத்த கல்யாணமும் முடித்து, இனிப் பிறக்காத பிள்ளைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "கல்யாணம் முடிங்க. ரெண்டு பிள்ளை இருக்கணும். அதுக்குப் பிறகு மனைவி சைன் வைக்கணும். அப்ப வாங்க, செய்வோம்" என்றார், கருணையோடு.

"அந்தச் சைன வைக்க நான் இருக்கணுமே டொக்டர்" என்றேன்.

அவர் கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அம்மாவின் நினைப்புத்தான் வந்தது. தம்பி பிறந்த கையோடு அம்மாவையும் இன்னும் பல பெண்களையும் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேசன் செய்து, அதே லொறியில் கொண்டுவந்து இறக்கினார்களாம். வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கு நீ மனசு மாறுவாய் என்று எந்த டொக்டரும் அம்மாவுக்காகக் கவலைப்படவில்லை. எங்கள் பெண்களை வெட்டுவதற்கு லொறி வீட்டு வாசலுக்கே வரும். ஒரு ஆம்பளை தானாகப் போய் நின்றால் மட்டும் உலகத்தில் இல்லாத யோசனையெல்லாம் வருகிறது.

நான் டவுனில் இறங்கிக் கடைக்குப் போனேன். சுதாகரன் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் நடந்து வீட்டுக்குப் போனான். முந்தின நாள் மழை பெய்திருந்தது. அட்டை ஒன்று கால்சட்டைக்குள் ஏறி, தொடைக்கு மேலே போய்க் கடித்துவிட்டது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் இலேசில் நிற்காது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் கால்சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. எரிச்சலில் காலை அகட்டி வைத்து நடந்திருக்கிறான். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவன், பகலில் இரத்தத்தோடு காலை அகட்டிக்கொண்டு வருகிறான்.

அட்டைக்கு இரத்தம் கொடுக்காத கால் எங்கள் தோட்டத்தில் ஒன்று உண்டா? அந்தப் பெண்களுக்கே அன்று காலையில் எத்தனை அட்டை கடித்திருக்கும்! ஆனாலும் அன்றைக்கு ஒருத்திக்கும் அட்டை ஞாபகத்துக்கு வரவில்லை.

"வெட்டிட்டு வந்துட்டியா தம்பி?" என்று ஒருத்தி மலையிலிருந்து கத்தினாளாம். அவன் இருந்த ஆத்திரத்தில் பதில் சொல்லாமல் போயிருக்கிறான். அவ்வளவுதான். வெட்டியாகிவிட்டது.

அது மாசி மாதம். காமன் கூத்துக்குக் கம்பம் நட்டு, காப்புக் கட்ட நாள் குறித்திருந்தார்கள். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடந்து, கடைசியில் சிவன் மன்மதனை எரிக்கிற கூத்து. இந்த வருசம் மன்மதன் வேஷம் சுதாகரனுக்கு. எங்கள் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கூத்துக் கல்யாணம் முடிந்த கையோடு, பிள்ளை இல்லாத பெண்கள் மன்மதன் கையால் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டால் பிள்ளை தங்கும். அதனால் மன்மதனாக வருகிறவன் கல்யாணமாகாத பையனாக, குறை இல்லாதவனாக இருக்க வேண்டும்.

கோயில் தலைவர் சுதாகரனின் வீட்டு வாசலில் வந்து நின்று, "நரம்ப வெட்டினவன் கையால பழங் குடுத்தா அந்தப் பொம்பளைங்க வயித்துல என்னடா தங்கும்? ஒனக்குக் காப்புக் கட்ட ஏலாது" என்றார்.

"நான் வெட்டல தலைவரே. வெட்டச் சொல்லித்தான் போனேன். முடியாதுன்னு அனுப்பிட்டாங்க."

ஒருவரும் நம்பவில்லை. கேட்டவனுக்குச் செய்யாமல் ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்புவார்களா என்றார்கள். பேச்சியம்மா அத்தை வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, என் குலம் அறுந்துபோச்சே என்று சாவு வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள். மகன் முன்னால் நின்றுகொண்டிருந்தான், ஒரு குறையும் இல்லாமல்.

என் அப்பா பழனியாண்டி கோயில் கமிட்டியில் இருக்கிறவர், மலையில் கங்காணி. அவர் வீட்டுக்கு வந்து, "ஆம்பள இல்லாதவனுக்கு எம் புள்ளயக் குடுக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிள்ளை பெற்றால் மகள் செத்துப்போவாள் என்று டொக்டர் இவரிடம்தான் சொன்னார். அந்த மகளை, பிள்ளை கொடுக்க முடியாதவனுக்குக் கட்டிக்கொடுத்தால் இவருக்கு மானக்கேடாம். கந்தப்பளையில் வேறொரு சம்பந்தம் இருக்கிறது, அந்தப் பையனுக்கு இவள் நோய் பற்றி எதுவும் சொல்லத் தேவையில்லை என்று அம்மாவிடம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தி என்ன பிரயோசனம்? பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஆபரேசன் நடக்கவில்லை. ஆனால் ஆபரேசன் செய்துகொண்டவனுக்கு என்னென்ன அவமானம் உண்டோ அத்தனையும் சுதாகரனுக்கு நடந்தது. ஃபெக்டரியில் கூட வேலை செய்கிறவர்கள் அவனை அக்கா என்று கூப்பிட்டார்கள். அவன் உட்கார்ந்த வாங்குப் பலகையில் உட்காரமாட்டோம் என்றார்கள். கடைசியில் கமிட்டி கூடி ஒரு முடிவுக்கு வந்தது. டிஸ்பென்சர் ஐயாவை வைத்துப் பார்த்துவிடுவோம், கமிட்டியில் நாலு பேர் சாட்சிக்கு நிற்பார்கள்.

நான் அவனிடம் ஓடினேன். "போகாதீங்க மச்சான். மாட்டைப் புடிச்சுப் பல்லுப் பாக்குற மாதிரி ஒங்களப் பாக்கப் போறாங்க. அசிங்கமா இல்லையா?"

"அசிங்கந்தான். பாத்துத் தொலையட்டும். இல்லன்னா மாமா ஒன்ன வேற எவனுக்காவது குடுத்துருவாரு. அவன் ஒங்கிட்ட பிள்ள கேப்பான்" என்றான்.

காப்புக் கட்டுகிற அன்று சாயந்தரம் கோயில் வாசலில் தோட்டமே கூடியிருந்தது. தப்பு அடிக்கிறவர்கள் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாமான் அறைக்குள் முதலில் தலைவர் போனார். பிறகு டிஸ்பென்சர், என் அப்பா, இன்னும் இரண்டு பேர். கடைசியாகச் சுதாகரன். கதவு சாத்தப்பட்டது. பலகைக் கதவின் இடுக்கில் போன் வெளிச்சம் அசைந்ததை நான் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒருவர், "இந்தப் பக்கம் புடிங்க, நெழல் விழுது" என்றார். அது அப்பாவின் குரல்.

வெளியே நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்சம் முந்தி அதே வாயால் சாமி பாட்டுப் பாடியவர்கள். தங்கள் வீட்டுப் பையனாக இருந்தால் என்ற நினைப்பு ஒருத்திக்கும் இல்லை. அவனைப் பெற்றவளே கையைக் கூப்பிக்கொண்டு, முடிவு வருவதைப் பார்த்து நின்றாள்.

டிஸ்பென்சர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரு கீறல்கூட இல்ல. முழு ஆம்பள. இங்கன மேல, தொடைக்கிட்ட அட்டை கடிச்ச தழும்பு மட்டும் இருக்கு."

தப்பு முழங்கியது. குலவை போட்டார்கள். யாரோ ஒருவன் சீனவெடி கொளுத்தினான். எங்கள் லயத்து வேலாயி அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருசமாகப் பிள்ளை இல்லை. அவள் மட்டும் சிரிக்கவும் இல்லை, குலவை போடவும் இல்லை. பழம் கிடைக்கும் என்ற சந்தோசத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். அந்தக் கூட்டத்தில் எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவள்தான்.

சுதாகரன் கடைசியாக வெளியே வந்தான். சாரத்தைச் சரியாகக் கட்டியிருந்தான், ஆனாலும் இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டே நின்றான். தலைவர் அவன் தோளைத் தட்டி, மஞ்சள் துணியில் காப்புக் கட்டினார். வெட்டினவன் என்று அவனைத் துரத்திய அதே வாயால், "நம்ம பையன் தங்கம்" என்றார். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. அன்றைக்கே நல்ல நாள் என்று சொல்லி, அத்தையையும் சுதாகரனையும் தலைவரையும் எங்கள் காம்பராவுக்குக் கூட்டிவந்தார். அம்மா வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தாள். கூத்து முடிந்த மறுமாதமே கல்யாணம் என்று முடிவாகிக்கொண்டிருந்தது.

"அப்பா, கிளினிக் டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"நல்ல நேரத்துல அதையேன் பேசுற? மாப்பிள்ள நல்லாத்தானே இருக்காரு, எல்லாரும் பாத்தோமே" என்றார்.

"அவரப் பத்தி கேக்கல. என்னப் பத்தி கேக்குறேன்."

அப்பா தலைவரைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். அம்மா தட்டில் இருந்த பாக்கை எடுத்து எடுத்து வைத்தாள். லொறியில் ஏறும்போதும் அம்மா இப்படித்தான் வாய் திறக்காமல் இருந்திருப்பாள்.

பேச்சியம்மா அத்தைதான் எழுந்து வந்தாள். கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன விரல்களால் என் கன்னத்தைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. என்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள், அவளுக்கு என்மேல் உண்மையிலேயே பிரியம். அந்தப் பிரியத்தோடுதான் சொன்னாள்:

"நீ ஒன்னுக்கும் பயப்படாத கண்ணு. ஒன்னே ஒன்னு பெத்துக் குடு, போதும். அதுக்குப் பொறகு பிள்ளய நான் வளத்துக்குவேன். ஒனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

தலைவர், "அதானே" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அந்தச் சின்ன அறையில் ஒருவருக்கும் எதுவும் தப்பாகக் கேட்கவில்லை. நான் இல்லாத வீட்டில் என் பிள்ளைக்குச் சோறூட்டுவது யார் என்பதுவரைக்கும் அத்தை யோசித்து முடித்திருந்தாள். எனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது என்பதும் உண்மைதான்.

சுதாகரன் எழுந்தான். கூத்து முடியாமல் காப்பை அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அவன் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் துணியை வெற்றிலைத் தட்டில் போட்டான்.

"மன்மதனுக்கு வேற ஆளப் பாருங்க தலைவரே. மாமா, கல்யாணமும் இப்ப இல்ல. கண்டியில ஒரு டொக்டர் இருக்காராம், கேட்டுப் பாக்கப் போறேன். அவரும் முடியாதுன்னா கொழும்புக்குப் போறேன். நான் அத முடிச்சிட்டு வர்ற வரைக்கும் தனுவ எவனுக்கும் பேசாதீங்க. பேசினா கந்தப்பளக்காரன் வீட்டுக்கு நானே போய் அவ நெஞ்சப் பத்திச் சொல்லுவேன்."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். தலைவர் சாமி குத்தம் சாமி குத்தம் என்று கத்தினார். பக்கத்துக் காம்பராக்களில் சத்தம் அடங்கி, எல்லோரும் சுவருக்கு மேலால் காது கொடுத்தார்கள். அத்தை மறுபடியும் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

நான் வெளியே போய், லயத்துக் கோடியில் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடித்து முகத்தைக் கழுவினேன். மாசிக் குளிரில் தண்ணீர் வெட்டியது. ஒரு தடவை கழுவியது போதவில்லை. பக்கத்துக் காம்பராவில் சவர்க்காரம் வாங்கி வந்து மறுபடியும் தேய்த்தேன்.

அத்தை அழுதுகொண்டே பின்னால் வந்து நின்றாள். "நெஞ்சுல நோயி இருக்குறவ இந்தக் குளிருல ஏன்டி இப்புடித் தேய்க்கிற? மொகத்துல என்ன பட்டுச்சு?"

"ஒங்க கை பட்டிருச்சு அத்தை" என்றேன்.